கட்டைவிரல் எந்தப் பக்கம்?

பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைகிறவர்கள் கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. சில்லறை கழுவினான். கழுவிவிட்டு ஈரக்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"மறுபடியும்," என்றார்.

மறுபடியும் கழுவினான்.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. 'உன் வாயிலேர்ந்து பெரிய நோட்டா ஒண்ணும் வராது, எப்பவும் சில்லறைதான் கொட்டும்' என்று சொல்லி பாஸ் வைத்த பெயர். பாஸ் என்பவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. குட்டை முடி, தோளில் ஒரு துணிப்பை, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, பொய்யாக எரிந்த கிடங்குகளையும் பொய்யாகச் செத்த மனிதர்களையும் பிடித்துக்கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். சில்லறை அவருக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்படும்போது தலைவலி.

வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் சில்லறையின் வாய் சும்மா இருக்காது. இன்று அடக்கி வாசித்தான். மாட்டிக்கொண்டிருப்பது அவனுடைய சொந்த அக்கா.

அக்கா இந்தப் பல்கலைக்கழக மருத்துவமனையில், பிறந்த குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். அண்மையில் வார்டில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றுக்கும் ஒரே கிருமி. வளர்த்துப் பார்த்தால் செக்கச்செவேலென்று நிறம் காட்டுகிற கிருமி. மருந்து கொடுத்ததில் குழந்தைகள் தேறிவிட்டன. அதற்கப்புறம்தான், இது யார் கையில் வந்தது என்ற கேள்வி கிளம்பியது. வார்டில் வேலை செய்யும் அத்தனை பேரும் கிருமி வளர்க்கிற, மூடி போட்ட சின்னத் தட்டு ஆளுக்கொன்றில் விரல் பதித்துக் கொடுத்தார்கள். அக்காவின் பெயர் போட்ட தட்டில் மட்டும் ஐந்து விரலும் சிவப்பாக முளைத்து நின்றன. நாளைக் காலை விசாரணை. அத்தோடு வேலை போகும். போகிற வேலையோடு, கை கழுவாத நர்ஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அப்புறம் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அவளைக் குழந்தை பக்கம் விடமாட்டார்கள்.

"இந்தத் தம்பி நர்ஸோட தம்பிங்கறதுக்காக நான் இறங்கி வர முடியாது," என்றார் பெரிய டாக்டர். அந்த வார்டுக்கே அவர்தான் தலைவர். விசாரணைக்கும் அவர்தான் தலைவர்.

"இறங்கி வர வேண்டாம் டாக்டர்," என்றார் பாஸ். "எப்படி நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

"நானே நின்னு நடத்தினேன். நுண்ணுயிரியல் துறைலேர்ந்து ஆளே வர வேண்டாம்னுட்டேன். அவங்க தலையைப் பார்த்தாலே வார்டுல எல்லாரும் ஓடிப்போய் தேய்ச்சுக் கழுவிடுவாங்க. தட்டுகளை மட்டும் வாங்கிட்டு வரச்சொல்லி, திடீர்னு போய் நின்னேன். வேலை செய்யுற கை எதுவோ அதைப் பதிக்கச் சொன்னேன். பேரை எழுதக்கூட வேற யாரையும் விடலை. ஒவ்வொரு மூடி மேலயும் நானே எழுதினேன். என் தட்டு உள்பட."

"உங்களுக்கும் தட்டு உண்டா?"

"முதல் தட்டே என்னோடது. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. என்னுது சுத்தம்னு வந்தது." அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் பொய் இல்லை. இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சில்லறைக்கே பட்டது. திருடனாக இருந்தால் பிடித்துவிடலாம். நேர்மையான ஆள் தப்பாக இருந்தால் என்ன செய்வது?

பேசிக்கொண்டே பெரிய டாக்டர் மேஜையிலிருந்த பீங்கான் பாட்டிலின் தலையை அழுத்தினார். வெள்ளையாகக் குழம்பு மாதிரி ஒரு கிரீம் வந்தது. இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார்.

"கழுவிக்கிட்டே இருந்தா தோல் வெடிக்கும். வெடிச்ச தோல்ல கிருமி குடியேறும். அதனாலதான் இது. என் பொண்ணு வாங்கிக் குடுத்த பாட்டில். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து இதேதான். தீரத் தீர மேல ஊத்திக்குவேன். நீங்க போட்டுக்கறீங்களா?"

"எனக்கு வேண்டாம் டாக்டர். வாசனை பட்டா தும்மல் ஆரம்பிச்சுடும்."

சில்லறைக்கு இலவசமாக வருகிற எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. இரண்டு அழுத்து அழுத்தி, முழங்கை வரை பூசிக்கொண்டான்.

தட்டைப் பார்க்க நுண்ணுயிரியல் துறைக்குள் போக அனுமதி வேண்டுமே. பெரிய டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். மை காய்வதற்குள் கை பட்டு எழுத்து இழுத்துக்கொண்டது. பழக்கம் போலிருக்கிறது, அதைப் பொருட்படுத்தாமல் ஒரு ஊது ஊதி நீட்டினார்.

வெளியே வந்ததும் சில்லறை சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "டாக்டர் எழுத்தே புரியாது. இதுல இழுவல் வேற. உள்ளே விடச் சொல்லியிருக்காரா, ஊசி போடச் சொல்லியிருக்காரான்னு தெரியலை பாஸ்."

"பத்திரமா வை," என்றார் பாஸ், இரண்டு தும்மலுக்கு நடுவில். "என்கிட்டேர்ந்து கொஞ்சம் தள்ளியே நட."

நுண்ணுயிரியல் துறை கட்டடத்தின் பின்பக்கம், மாடியில் இருந்தது. நீளமான கருங்கல் மேஜைகள், மேஜைக்கு மேஜை ஒரு சின்ன நீலத் தீ, மூலையில் ஆள் உயரத்துக்கு வெதுவெதுப்பான பெட்டிகள். எதையோ வேகவைத்த வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து அடித்தன. துறையின் பேராசிரியை அவர்களை வாசலிலேயே நிறுத்தினார். கொண்டையில் ஒரு மார்க்கர் பேனாவைச் செருகியிருந்தார்.

"உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது. மூக்கைச் சொறியக் கூடாது. பேனாவைக் கடிக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா மேடம்?"

"பார்த்து விடுங்க தம்பி."

சில்லறைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அக்காவின் தட்டைப் பார்க்க வேண்டும் என்றார் பாஸ். பேராசிரியை கையை விரித்தார். "அது போயாச்சு. பார்த்து, படம் எடுத்து, அன்னைக்கே அவிச்சுக் கொட்டிடுவோம். அதோ அந்தப் பெரிய குக்கர் அதுக்குத்தான். கிருமியை வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்க முடியாது பாருங்க."

"அப்போ இந்தப் படம்தான் சாட்சி." பாஸ் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அக்காவுக்கு வந்த நோட்டீஸோடு இணைத்திருந்த படம். வட்டமான தட்டு. ஓரத்தில் அக்காவின் பெயர் தெளிவாக, நேராகத் தெரிந்தது. நடுவில் நாலு சிவப்புப் பொட்டுகள் வளைவாக மேலே. ஐந்தாவது, கட்டைவிரல், கீழே வலது பக்கம்.

பாஸ் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் வலது கையை மேஜையில் பதித்தார். கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"சில்லறை, என் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம் பாஸ்."

"படத்துல?"

"வலது பக்கம்."

"அப்போ படத்துல இருக்கறது இடது கை. உங்க அக்கா எந்தக் கையால வேலை செய்வாங்க?"

சில்லறை கன்னத்தைத் தடவிக்கொண்டான். "என்னை அடிச்ச கையெல்லாம் வலது கைதான் பாஸ். நல்லா ஞாபகம் இருக்கு."

"முடிஞ்சது. இது உங்க அக்கா கை இல்லை," என்றார் பாஸ், பையை மாட்டிக்கொண்டு.

பேராசிரியை சிரித்துவிட்டார். குத்தலாக இல்லை, தாங்க முடியாமல்தான் சிரித்தார். "கொஞ்சம் உட்காருங்க. உங்களுக்கு எங்க பழக்கம் தெரியாது."

வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு அடுக்குத் தட்டுகளை வெளியே எடுத்தார். எல்லாம் தலைகீழாக இருந்தன. மூடி கீழே, அடிப்பாகம் மேலே. உள்ளே ஜெல்லி மாதிரி ஒன்று உறைந்து, தட்டின் கூரையில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"நேரா வச்சா மூடியில வேர்த்து, தண்ணி சொட்டி, எல்லாக் கிருமியும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அதனால எப்பவுமே கவுத்துத்தான் வைப்போம். பார்க்கறப்போ இப்படி." அடிப்பாகங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூடிகள் மேஜையிலேயே வரிசையாகக் கிடந்தன. பார்த்து முடித்ததும் கையில் கிடைத்த மூடியின் மேல் கையில் கிடைத்த தட்டை வைத்துக்கொண்டே போனார். "மூடி யாருக்கும் சொந்தமில்லை. அதனால அதுல எதையும் எழுத மாட்டோம். பேரை அடியிலதான் எழுதுவோம். இங்க சேர்ற பசங்க முதல்ல கத்துக்கறது அதைத்தான். படம் எடுக்கறப்போ பேர் தெரியுற பக்கம் மேல இருக்கணும். அப்படின்னா அடிப்பக்கம். அடியிலேர்ந்து பார்த்தா கண்ணாடியில பார்க்குற மாதிரி இடம் வலமாயிடும். உங்க படத்துல இருக்கறது வலது கைதான்."

பாஸ் பையை மறுபடி கழற்றி வைத்தார். பாஸின் காது சிவந்து சில்லறை இதற்கு முன் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

பேராசிரியைக்கே பாவமாகிவிட்டது. "வந்தது வந்தீங்க, நீங்களும் விரலைப் பதிச்சுட்டுப் போங்க. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதுதான் எங்க உபசாரம். காலையில பார்த்தா அவங்கவங்க லட்சணம் தெரிஞ்சுடும்." கொண்டையிலிருந்து மார்க்கரை உருவி, இரண்டு புதுத் தட்டுகளைக் கவிழ்த்தார். "பேரு?"

"சில்லறைன்னே எழுதுங்க மேடம். கிருமிங்க மரியாதை எதிர்பார்க்காது."

இரண்டு பேரும் பதித்தார்கள். ஜெல்லி குளிர்ச்சியாக இருந்தது. பேராசிரியை தட்டுகளைக் கவிழ்த்து ஒரு ஓரமாக வைத்தார். விசாரணைக்குத் தன்னையும் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை அக்கா வெள்ளை யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எதுக்கு அக்கா இவ்வளவு அழுத்தித் தேய்க்கறே?"

"வெளியே போகச் சொன்னாலும் மடிப்புக் கலையாம போறேன்."

அவள் கைகளை அவன் பார்த்தான். கழுவிக் கழுவி விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. இந்தக் கையின் சம்பளத்தில்தான் அவன் படித்தான். படிப்பு ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

"நான் கழுவினேன்டா," என்றாள், அவன் கேட்காமலே. "ஒவ்வொரு குழந்தையைத் தொடுறதுக்கு முன்னாடியும் கழுவினேன். தொட்ட பிறகும் கழுவினேன். அது எனக்குத் தெரியும். ஆனா தட்டுல சிவப்பா இருக்கே. நேத்தெல்லாம் படுத்துக்கிட்டு என் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு."

சில்லறைக்கு அழுகை வந்தது. அழுதால் அவளும் அழுவாள் என்று டீ போடப் போனான்.

பாஸ் வந்து உட்கார்ந்தார். நேற்றைய தோல்வி இன்னும் முகத்தில் இருந்தது. மூன்று கோப்பையும் மேஜைக்கு வந்தன. அக்கா ஒரு வாய் குடித்து, ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

"உப்புடா இது."

"சர்க்கரைன்னுதானே எழுதியிருக்கு?"

"மூடியில எழுதியிருக்கு. நேத்து பாத்திரம் கழுவித் தர்றேன்னு வந்து, எல்லா டப்பா மூடியையும் கழட்டி வரிசையா வச்சியே. திரும்ப எதுக்கு எதைப் போட்டு மூடினே?"

"கையில கிடைச்சதை," என்றான் சில்லறை. "டப்பா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு அக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போதுதான் அவன் கவனித்தான். பாஸ் அந்த உப்பு டீயைத் துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு விழுங்கினார்.

"வண்டியை எடு," என்றார்.

பேராசிரியை அவர்களுக்காகவே காத்திருந்த மாதிரி தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாஸ் முந்திக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. பேரை அடியில எழுதாம மூடியில எழுதியிருந்தா, உங்க ஆளுங்க படத்தை எப்படி எடுத்திருப்பாங்க?"

"மூடியில யாரும் எழுத மாட்டாங்களே."

"உங்க துறையில எழுத மாட்டாங்க. அன்னைக்கு உங்க துறை ஆள் யாரும் அங்க இல்லை. ஒவ்வொரு மூடி மேலயும் பெரிய டாக்டரே எழுதினாராம். நேத்து அவர் வாயாலயே சொன்னார்."

பேராசிரியை மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "பேர் தெரியுற பக்கம் மேல இருக்கணும்னு, மூடிப் பக்கத்தை மேல வச்சு எடுத்திருப்பாங்க. மூடி வழியாவே உள்ளே தெரியும். அப்போ கண்ணாடி கணக்கு இல்லை. நேரா மேலேர்ந்து பார்த்த படம்." படத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வலது கையை அதன் பக்கத்தில் பதித்தார். பொருந்தவில்லை. இடது கையைப் பதித்தார்.

"இடது கைதான்," என்றார் மெல்ல. "நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் சிரிச்சுட்டேன்."

"சிரிப்பை விடுங்க. இடது கை எப்படி இவங்க அக்கா பேருக்குக் கீழ வந்தது?"

"எங்க பசங்க நான் நேத்து காட்டின மாதிரியே மூடியையெல்லாம் கீழ விட்டுட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்திருப்பாங்க. கையில கிடைச்ச மூடியில திரும்ப வச்சிருப்பாங்க. பேர் இடம் மாறிடுச்சு." அவர் படத்தைத் தள்ளி வைத்தார். "மூடியில எழுதியிருக்கேன்னு ஒருத்தனாவது கேட்டிருக்கணும். ஆனா பெரிய டாக்டர் கையெழுத்தோட வந்த தட்டை இங்க எந்தப் பையன் திருப்பி அனுப்புவான்? இது எங்க தப்பு. நான் வந்து சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா யாரோட கைன்னு தெரியாம சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்ற கதை மாதிரி இருக்கும்," என்றார் பாஸ். "அதோட அந்தக் கை இன்னும் வார்டுலதான் இருக்கு. இன்னைக்கும் குழந்தைகளைத் தொடும்."

"அதைத்தான் நான் முதல்லயே சொல்ல வந்தேன்," என்றார் பேராசிரியை. ஓரத்திலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். "தம்பி, நீங்க நேத்து குழந்தைகள் வார்டுக்குள்ள போனீங்களா?"

"வாசப்படியைக்கூட மிதிக்கலை மேடம். விடமாட்டாங்க."

தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் 'சில்லறை' என்று எழுதியிருந்தது. அவனுடைய ஐந்து விரலும் செக்கச்செவேலென்று பூத்திருந்தன.

சில்லறை கையைத் தன் உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தான். "மேடம், நான் பிழைப்பேனா?"

"பிழைப்பீங்க. பெரியவங்க தோல்ல இது சும்மா குந்தியிருக்கும். பச்சைக் குழந்தைக்குத்தான் ஆகாது."

"என் தட்டு?" என்றார் பாஸ்.

"அங்கங்க வெள்ளைப் புள்ளி. எல்லார் கையிலயும் இருக்கறதுதான்."

பாஸ் எழுந்து நடந்தார். "ஒரே வண்டியில வந்தோம். ஒரே கதவைத் தொட்டோம். ஒரே குழாய்ல கழுவினோம், இவன் ரெண்டு தடவை. என் கையில இல்லாதது இவன் கையில என்ன இருக்கு?"

"அழகு," என்றான் சில்லறை, பழக்கதோஷத்தில்.

பாஸ் திரும்பி அவனைப் பார்த்தார். கிட்டே வந்து அவன் கையை முகர்ந்தார். முகர்ந்ததும் தும்மினார். ஒன்றல்ல, வரிசையாகத் தும்மினார். தும்மல் அடங்கினதும் அவர் முகத்தில் நேற்றைய தோல்வி மிச்சமில்லாமல் போயிருந்தது.

"பெரிய டாக்டரோட பாட்டில்," என்றார். "தீரத் தீர மேல ஊத்திக்குவாராம். அடியைக் கழுவினதே இல்லை."

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். "கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது."

"ஆனா பாஸ், அந்தத் தட்டு இடது கையாச்சே."

"நேத்து அவர் குடுத்த சீட்டு இருக்கா?"

சில்லறை சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். எழுதின வரி முழுக்க மை இழுபட்டிருந்தது.

"நாம வலது கையால எழுதறப்போ கை எழுத்துக்கு முன்னால நகரும். மை மேல படாது," என்றார் பாஸ். "இடது கையால எழுதுறவங்களுக்குக் கை எழுத்து மேலயே ஊர்ந்து வரும். ஈர மையா இருந்தா இப்படித்தான் இழுக்கும். அவர் எழுதறப்போ நாம ரெண்டு பேரும் எதிர்லதான் உட்கார்ந்திருந்தோம். நான் தும்மலை அடக்கிக்கிட்டிருந்தேன். நீ கையை மோந்து பார்த்துக்கிட்டிருந்தே."

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் பெரிய டாக்டர், இரண்டு பக்கமும் நிர்வாக ஆட்கள் இருவர். எதிரே அக்கா, மடிப்புக் கலையாத வெள்ளையில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்திருந்தார். சில்லறை முதலில் பார்த்தது பேனா எந்தக் கையில் இருக்கிறது என்பதைத்தான். இடது கையில் இருந்தது.

பேராசிரியை நேராகப் போய், தப்பு தன் துறையுடையது என்று ஆரம்பித்தார். மூடியைப் பற்றிச் சொன்னார், படத்தைப் பற்றிச் சொன்னார். பாஸ் சீட்டை மேஜையில் வைத்தார். கடைசியாகச் சில்லறையின் தட்டை வைத்தார்கள்.

"இவன் வார்டுக்கே போகாதவன்," என்றார் பாஸ். "நேத்து உங்க ரூமுக்கு வந்தான். உங்க பாட்டில்லேர்ந்து ரெண்டு அழுத்து அழுத்திக்கிட்டான். அவ்வளவுதான் இவன் பண்ணின குற்றம்."

"இருக்க முடியாது," என்றார் பெரிய டாக்டர். "நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவறேன்னு இங்க யாரை வேணா கேளுங்க."

"அதான் சார்," என்றார் பேராசிரியை. "ஒவ்வொரு தடவையும் நல்லா கழுவிட்டு வந்து, அதைத் தடவிக்கிட்டீங்க."

பெரிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையின் ஓரத்தில் மைக்கறை இருந்தது. காய்ச்சல் கண்ட மூன்று குழந்தைகளையும் அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கையால்தான் தொட்டுப் பார்த்திருந்தார். அது அவருக்கு உறைத்தது முகத்திலேயே தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சில்லறைக்குத் துள்ளத் தோன்றவில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"ஒரு புதுத் தட்டு இருக்கா?" என்று கேட்டார் பெரிய டாக்டர் கடைசியில்.

பேராசிரியை கொடுத்தார். அவர் இடது கையின் ஐந்து விரலையும் பதித்து மூடினார். மார்க்கருக்குக் கை நீட்டினார்.

"எங்க எழுதணும்?"

"அடியில சார்."

கவிழ்த்து, தன் பெயரை எழுதினார். அப்புறம் அக்காவுக்கு வந்த நோட்டீஸை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "இதை ரத்து பண்ணி எழுதித் தர்றேன்மா. கீழ என் மன்னிப்பையும் எழுதறேன். அதுக்கப்புறம்தான் ரவுண்ட்ஸ்." பேனாவை எடுத்தார்.

"சார்," என்றாள் அக்கா.

விசாரணை தொடங்கியதிலிருந்து அவள் பேசியது அப்போதுதான்.

"நோட்டீஸ் எங்கயும் போகாது. முதல்ல வந்து கையைக் கழுவுங்க."

நிர்வாக ஆட்கள் இருவரும் மேஜையைப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் பேனாவை மூடினார். பிறகு எழுந்து, மூலையிலிருந்த தொட்டிக்குப் போனார். அக்கா பக்கத்தில் போய் நின்று, முழங்கையால் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் சோப்பு போட்டார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று வரிசையாகத் தேய்த்தார். அவசரமில்லாமல் தேய்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைப் பார்ப்பது போல அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டதாக நினைத்து அவர் கையைத் தண்ணீருக்கு நீட்டினார்.

அக்கா குழாயை மூடினாள்.

"கட்டைவிரலை விட்டுட்டீங்க சார்," என்றாள்.